செவ்வியல் நாவலைக் குமரி மண்ணில் பீரியட் படமாக்குவது: முழுமையான வழிகாட்டி

பழைய நாவல் ஒன்றைத் தழுவிப் படம் எடுக்கக் குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் லொக்கேஷன் பார்க்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனை, வட்டக்கோட்டை, முட்டம் பாறை, தோவாளை வயல் எல்லாவற்றையும் மொபைலில் படம் பிடித்துக்கொண்டு போய், அந்தப் படங்களுக்கு ஏற்றபடி கதையை வளைக்கிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது. கதாபாத்திரங்களின் கையையும் காலையும் கட்டிப்போட்டிருக்கும் சட்டமோ வழக்கமோ நாவலில் எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதே இறுக்கத்தோடு கட்டும் வழக்கம் இந்த மண்ணில் எந்த ஆண்டில் இருந்தது என்று அடுத்துத் தேட வேண்டும். இந்த இரண்டும் பொருந்திவிட்டால் மற்ற எதையும் தாராளமாக மாற்றலாம். பொருந்தாவிட்டால் எவ்வளவு அழகான கைத்தறி உடுத்தினாலும் படம் மாறுவேடப் போட்டி போலத்தான் தெரியும்.

வழி முழுவதையும் ஒரே உதாரணத்தோடு பார்ப்போம். ஜேன் ஆஸ்டின் எழுதி 1813-இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை 1925-ஆம் ஆண்டு நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: அட்டை போட்டு முடிச்சைப் பிடிப்பது

இந்த நாவலில் 61 அத்தியாயங்கள். அத்தியாயத்துக்கு ஓர் அட்டை வீதம் எழுதுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் இரண்டே வரி: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. வர்ணனை, வசனம், வானிலை எதுவும் வேண்டாம். எழுதி முடித்ததும் ‘எது தடுக்கிறது’ என்ற வரியை மட்டும் வரிசையாகப் படியுங்கள். அடிக்கடி திரும்ப வருவது எதுவோ அதுதான் முடிச்சு.

இங்கே அது சொத்து. தகப்பனுக்கு ஐந்து பெண்கள், ஆண் வாரிசு இல்லை. அவர் கண்ணை மூடினால் வீடும் நிலமும் தூரத்து உறவுக்காரன் ஒருவனுக்குப் போய்விடும். தாயின் பதற்றம், மூத்தவளின் மௌனம், இரண்டாமவள் ஒரு வரனை மறுப்பதில் இருக்கும் துணிச்சல் எல்லாம் இந்த ஒரு முடிச்சிலிருந்துதான் பிறக்கின்றன.

இரண்டேகால் மணி நேரப் படத்தில் 65 முதல் 75 காட்சிகள் வரும். ஆகவே 61 அட்டைகளில் 20 மட்டும் மேசையில் இருக்கட்டும், மீதியை எடுத்து வையுங்கள். அந்த இருபதிலும் ‘இதை எந்தக் காரணத்துக்காகவும் தொடமாட்டோம்’ என்று மூன்றைத் தனியாகக் குறியுங்கள். இந்தக் கதையில் வரனை மறுப்பது, முதல் காதல் கோரிக்கை அவமானத்தில் முடிவது, தங்கை ஓடிப்போவது ஆகிய மூன்றும். தழுவல் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் இந்த மூன்று ஆணிகள் அசையக் கூடாது. ஆணி எது என்று தெரியாமல் தளர்த்துகிறவர்களுக்குத்தான் இடைவேளைக்குப் பிறகு கதை கையை விட்டுப் போகிறது.

படி 2: உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-இலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1960-இல் இறந்தவரின் நாவல் 2020 டிசம்பர் 31 வரை வாரிசுகளுடையது. ஆஸ்டின் 1817-இல் இறந்தவர், அவர் நாவலில் சிக்கல் இல்லை. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களுக்கும் தடையில்லை. ஆனால் எந்தெந்த நூல்கள் ஆணைக்குள் வருகின்றன என்று அரசாணையை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, மூல நாவல் பொதுவுடைமை ஆனாலும் அதன் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. மொழிபெயர்ப்பிலிருந்து வசனத்தை அப்படியே எடுக்கக் கூடாது. இரண்டாவது, அதே நாவலை முன்பு படமாக்கியவர்கள் நாவலில் இல்லாத காட்சிகளைச் சொந்தமாகச் சேர்த்திருப்பார்கள். படம் பார்த்துக் கதை எழுதினால் அந்தக் காட்சிகள் தெரியாமலே உள்ளே வந்துவிடும். கருவுக்கு உரிமை இல்லை, அது வெளிப்பட்ட விதத்துக்கே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னதை மனத்தில் வைத்து, நாவலை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மூன்றாவது ஒப்பந்தம். வாரிசுகளிடம் உரிமை வாங்கினால் எழுத்தில் வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உங்களுக்குத் தந்த உரிமை தானாகவே காலாவதியாகிவிடும், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. பீரியட் படத்துக்கு ஓராண்டு எந்த மூலைக்கு? அந்த ஷரத்தை மறக்காதீர்கள். ‘இடம், காலம், முடிவு, கதாபாத்திரங்களின் உறவுமுறை ஆகியவற்றை மாற்ற அனுமதி’ என்று நேரடியாக ஒரு வரியும் இருக்கட்டும். படைப்பைச் சிதைத்ததாக ஆசிரியரோ வாரிசோ பிரிவு 57-இன் கீழ் கேள்வி கேட்டால் அந்த வரிதான் உதவும்.

படி 3: ஆண்டைத் தேர்வது

‘அந்தக் காலத்தில்’ என்று ஒரு காலம் கிடையாது. ஆண்டு எண் வேண்டும், முடிந்தால் மாதமும் வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வெள்ளாளரில் ஒரு பிரிவினரிடம் மருமக்கள்வழி இருந்தது. காரணவர், அதாவது குடும்பத் தலைவர், இறந்தால் சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். மனைவியும் மக்களும் அதுவரை அவர் வீட்டில் வாழ்ந்திருப்பார்கள். மறுநாள் அதே வீட்டில் அவர்கள் நிலை என்ன? உகந்துடைமை என்ற பெயரில் பிள்ளைகளுக்குச் சிறு பங்கு கிடைக்கலாம், அதற்கும் கோர்ட் வாசலில் கிடக்க வேண்டியிருக்கும். ஆஸ்டினின் முடிச்சுக்கு இவ்வளவு நெருக்கமான இன்னொன்று தமிழ் நிலத்தில் கிடைப்பது அரிது. 1926-இல், கொல்லம் 1101-இல் வந்த நாஞ்சில் நாடு வெள்ளாளர் சட்டம் மக்களுக்கும் பங்கு கிடைக்க வழி செய்தது. ஆகவே கதை 1926-க்குள் முடிந்துவிட வேண்டும். 1930 என்று வைத்தால் முடிச்சே அவிழ்ந்துவிடும். 1924-25 என்று வைத்தால் ‘சட்டம் வரப்போகிறதாமே’ என்று திண்ணையில் பேசும் பேச்சே காட்சிக்கு உயிர் கொடுக்கும்.

ஆண்டு முடிவானதும் அது தானாகப் பல விஷயங்களைக் கொண்டுவரும். அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் 1924 ஆகஸ்டில் காலமானார். அதன்பின் 1931 வரை சேது லட்சுமி பாய் ரீஜண்ட், அதாவது இளவரசருக்காக ஆட்சி நடத்தியவர். அரசு அலுவலகச் சுவரில் யார் படம் தொங்க வேண்டும் என்பது இதோடு முடிவாகிவிடுகிறது. வைக்கம் சத்தியாகிரகம் 1924 மார்ச் முதல் 1925 நவம்பர் வரை. சுசீந்திரம் சத்தியாகிரகம் 1926-இல் தொடங்கியது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12. அதாவது உங்கள் கதை நடக்கும் ஆண்டில் சுசீந்திரம் கோவில் தெருவில் எல்லோரும் நடக்க முடியாது. நாவலின் நடன விருந்துக்குப் பதிலாக மார்கழித் தேரோட்டத்தை வைத்தால், தெருவில் யார் இருக்கிறார்கள் என்று காட்டுவது போலவே யார் அங்கே இல்லை என்பதையும் கேமரா காட்ட வேண்டும். அதை விட்டுவிட்டுத் தேரையும் பட்டுச் சேலையையும் மட்டும் காட்டினால் அது வரலாற்றுப் பொய்.

கதையை இன்னும் பின்னுக்குத் தள்ளி 1850-களில் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 1859 பிரகடனத்துக்கு முன் யார் தோளில் சீலை போடலாம் என்பதே திருவிதாங்கூரின் தென்பகுதியில் பெரிய போராட்டம். அந்த ஆண்டில் காதல் கதையைப் பின்னணி அலங்காரத்தோடு எடுக்க முடியாது, உடையே கதையாகிவிடும். அதற்குத் தயார் என்றால் மட்டும் போங்கள்.

படி 4: உறவுமுறையைச் சரிபார்ப்பது

திரைக்கதை பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சொத்துச் சட்டம் பொருந்தியதும் மகிழ்ச்சியில் எழுத ஓடிவிடக் கூடாது. ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்து ‘இவர் அவளுக்கு என்ன முறை?’ என்று கேளுங்கள்.

நாவலில் வாரிசாக வருபவன் தூரத்து உறவு. இங்கே அவன் தகப்பனின் சகோதரி மகன், அனந்தரவன். அப்படியானால் அந்த ஐந்து பெண்களுக்கும் அவன் அத்தான், முறைமாப்பிள்ளை. நாவலில் அவன் பெண் கேட்பது ஏதோ பெருந்தன்மை காட்டுவது போல. இங்கே அது உரிமை. இரண்டாமவள் வேண்டாம் என்று சொல்வது ஒரு ஆளை மட்டும் மறுப்பதாக இருக்காது. அத்தை வீட்டையும், தகப்பனின் வாக்கையும், தங்கைகளின் பாதுகாப்பையும் சேர்த்து மறுப்பதாகிவிடும். மூலத்தைவிடத் தழுவலில் காட்சி கனக்கும். இப்படிக் கனம் கூடும் இடங்களைக் குறித்துக்கொண்டு நேரம் கூட்டிக் கொடுங்கள். மூலத்தில் மூன்று நிமிடம் என்றால் இங்கே ஆறு நிமிடம் தரலாம்.

அடுத்தது கதை உடையும் இடம். மருமக்கள்வழியில் பெண்கள் தாய்வீட்டைச் சேர்ந்தவர்கள். தகப்பன் சொத்து போனாலும் தாய்மாமன் காரணவராக இருக்கும் வீட்டில் அவர்களுக்குப் பாத்தியம் உண்டு. உங்கள் ஐந்து பெண்களுக்கும் அப்படி ஒரு வீடு இருக்குமானால் தாய் ஏன் பதற வேண்டும்? இதைக் கவனிக்காமல் எழுதினால் நாகர்கோவில் தியேட்டரில் இடைவேளைக்கு முன்பே யாராவது கேட்டுவிடுவார்கள். அடைக்க வழி உண்டு. தாய்வீட்டுச் சொத்தை வழக்கு தின்றுவிட்டது, தாய்மாமன் கோட்டாறில் சின்னதாகக் கடை வைத்துப் பிழைக்கிறார் என்று வையுங்கள். நாவலிலும் தாய்மாமன் வியாபாரிதான், நல்ல மனிதர்தான், கடைசியில் குடும்பத்தைக் கரையேற்ற முன்னால் நிற்பவரும் அவரே. தாய்மாமன் என்ற உறவுக்கு இங்கே இருக்கும் கனம் அந்தப் பாத்திரத்தை இன்னும் உயர்த்திவிடும்.

மூன்றாவது பொறி சின்னதுதான், ஆனால் கவிழ்த்துவிடும். நாவலின் நாயகனைத் தன் மகளுக்குக் கட்டிவைக்க நினைக்கும் அதிகாரக்காரப் பெண்மணி அவனுடைய தாயின் சகோதரி. தமிழில் பெரியம்மா மகள் தங்கை முறை. அவரைக் கட்டாயம் அப்பாவின் சகோதரியாக, அத்தையாக மாற்றியே ஆக வேண்டும்.

நாயகன் யார்? ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில், சொத்து பெற்ற மகனுக்கே போகும் மக்கள்வழி வெள்ளாள வீட்டுப் பையன். அவன் வீட்டாருக்கு மருமக்கள்வழிக் குடும்பம் என்றால் இளப்பம். இவர்களுக்கு அவன் எல்லை தாண்டி வந்த திமிர் பிடித்தவன். தலைப்பிலுள்ள கர்வம், தப்பான முன்முடிவு என்ற இரண்டு குணங்களும் இப்போது ஊரில் கால் ஊன்றிவிட்டன. வருமானத்தை இன்றைய ரூபாயில் மாற்றாதீர்கள். நாவலில் தகப்பனுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு, நாயகனுக்கு 10,000. ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்று நிலமாகச் சொல்லுங்கள்.

தங்கையை அழைத்துக்கொண்டு ஓடுபவன் மூலத்தில் பட்டாள அதிகாரி. இங்கே நாடகக் கம்பெனி ராஜபார்ட் பொருத்தம். ஆரல்வாய்மொழியைத் தாண்டிவிட்டால் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர் போலீஸ் கை நீளாது. அந்த எல்லைச் சாவடியில், விடியற்காலையில், வண்டிச் சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டு தகப்பன் நிற்கும் காட்சிக்கு வசனமே வேண்டாம்.

படி 5: ஆசிரியரின் குரலை எங்கே வைப்பது

ஆஸ்டினின் கூர்மையான நையாண்டி பாதிக்கு மேல் கதைசொல்லியின் வாக்கியங்களில் இருக்கிறது. சம்பவங்களை மட்டும் எடுத்தால் அது காணாமல் போகும். வாய்ஸ் ஓவர் எளிய வழி, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. குமரிக்கே சொந்தமான வழி வில்லுப்பாட்டு. அண்ணாவி ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட, குடமும் உடுக்கையும் சேர, ஊர் வம்பு அங்கே அழகாக ஏறும். படம் முழுவதற்கும் மூன்றே இடம், இடத்துக்கு 40 நொடி. கூட்டினால் அலுக்கும்.

ஒன்றை மட்டும் மதியுங்கள். கொடை விழாவில் பாடுவது தெய்வக் கதை, அது வழிபாடு. உங்கள் காரணவர் வீட்டுக் கதையைச் சுடலைமாடன் கொடையில் பாடவைக்காதீர்கள். கல்யாண வீட்டுப் பந்தலில் வையுங்கள். நிஜமான குழுவையே அழையுங்கள். வீசுகோல் வில்லில் விழும் தாளத்தை நடிகர்கள் இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டுவிட முடியாது.

படி 6: பேச்சு

‘குமரித் தமிழ்’ என்று ஒன்றே ஒன்று இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பேச்சு ஒரு மாதிரி. கல்குளம், விளவங்கோடு போகப் போக ‘வெள்ளம்’, ‘கொள்ளாம்’, ‘ஓர்மை’, ‘பறஞ்சான்’ என்று மலையாள வாசம் கூடும். நாஞ்சில் நாட்டு வீட்டில் எல்லோரும் மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சு பேசினால் உள்ளூரில் சிரிப்பார்கள். நாயகனுக்குத் திருநெல்வேலிப் பேச்சு. இரண்டுக்கும் உள்ள மெல்லிய வித்தியாசமே நாயகி அவனைக் கிண்டல் செய்ய ஒரு காரணம்.

சென்னைப் பார்வையாளருக்கும் புரிய வேண்டும் என்றால் வழக்கை வினையிலும் விளியிலும் வையுங்கள், பெயர்ச்சொல்லைப் பொருளைக் காட்டும்போது சொல்லுங்கள். ஒரு காட்சிக்குப் புதிய சொல் இரண்டுக்கு மேல் வேண்டாம். ‘பத்தாயம்’ என்ற சொல் முதல்முறை வரும்போது யாராவது நெல் அள்ளப் பத்தாயத்தின் பலகையைத் தூக்கிக்கொண்டிருக்கட்டும். ‘அரங்கு’ என்றால் அந்த இருட்டறைக்குள் ஒருத்தி போகட்டும்.

மறுப்புக் காட்சியின் தொடக்கம் இப்படி இருக்கலாம்:

“ஏட்டி, மொறையுள்ளவன் வீடேறி வந்து கேக்கான். வேண்டாம்னு சொன்னா நாளைக்கு எங்க போயி நிப்போம்?”

“அத்தான் நல்லவருதாம்மா. எனக்கு வேண்டாம்.”

“வேண்டாம்னா? காரணம் சொல்லுட்டி.”

“அவருக்கு நான் வேணும்னு இல்ல. யாராம் ஒருத்தி போரும்.”

எழுதியதை உள்ளூரில் எழுபது வயது கடந்த இரண்டு பேரைப் படிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர்கள் தடுமாறும் வாக்கியம் எழுத்துத் தமிழில் யோசித்த வாக்கியம், அதை மாற்றிவிடுங்கள். அந்த ஒலிப்பதிவையே நடிகர்களுக்குப் பாடமாகக் கொடுக்கலாம். சிங்க் சவுண்டில், அதாவது படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்து, எடுப்பதானால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தோவாளைப் பக்கம் போகாதீர்கள். கணவாய்க் காற்று மைக்கை விழுங்கிவிடும்.

படி 7: ஃபிரேமுக்குள் வரக் கூடாதவை

1925-க்கு இந்த மாவட்டத்தில் தவிர்க்க வேண்டியவை பல. கன்னியாகுமரிக் கடற்கரையில் விவேகானந்தர் பாறை மண்டபம் 1970, வள்ளுவர் சிலை 2000. முக்கடலை அந்தக் கோணத்தில் காட்டவே வேண்டாம். மாத்தூர் தொட்டிப்பாலம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் 1966-இல் கட்டியது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979, ஆகவே ரயில் நிலையத்துப் பிரிவுக் காட்சி கிடையாது. அரசு பஸ் 1938-இல்தான். முப்பந்தல் காற்றாலைகள் தோவாளையின் பாதி வானத்தை மறைக்கும். சி.ஜி.யில் அழிக்கலாம், ஆனால் சுழலும் இறக்கையை நகரும் ஷாட்டில் அழிப்பது செலவு. கேமராவை மேற்கே, வேளிமலை பக்கம் திருப்பினால் காசு மிச்சம். மலைச்சரிவில் வரிசை வரிசையாக ரப்பர் தெரிந்தாலும் ஒதுக்குங்கள். காலத்துக்குள் அடங்குபவை பேச்சிப்பாறை அணையும் (1906) நாகர்கோவில் மணிமேடையும் (1893). மணிமேடையைச் சுற்றி இருப்பவைதான் அடங்காது.

கண்ணுக்கு எளிதில் படாதவை இன்னும் ஆபத்து. இன்றைய குட்டை நெல் 1960-களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்தது, பழைய நாட்டு நெல் இடுப்புக்கு மேல் வளரும். கலப்பின ஜெர்சிப் பசு வேண்டாம். வரப்பில் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியத்தைப் பிடுங்கிவிடுங்கள். துணை நடிகைகளின் திரெடிங் செய்த புருவத்துக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

படி 8: கைக்கெட்டும் தூரத்துப் பொருட்கள்

செலவுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: நடிகர் தொடுவது நிஜமாக இருக்கட்டும், இருபது அடிக்கு அப்பால் இருப்பது சாயலாக இருந்தால் போதும்.

இந்தக் கதையில் அதிகம் தொடப்படுவது கடிதம். அங்கேதான் பீரியட் படங்கள் காலை வாரிக்கொள்கின்றன. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போகும் கடிதம் திருவிதாங்கூர் அஞ்சலில் போகும், சங்கு முத்திரை போட்ட அஞ்சல் தலை. (1951 வரை அஞ்சல் தனித் துறை.) திருநெல்வேலியிலிருந்து வரும் கடிதம் பிரிட்டிஷ் தபால், ஐந்தாம் ஜார்ஜ் தலை. நாயகி உறையைக் கையில் வாங்கி ராஜா தலையைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று அவளுக்கும் நமக்கும் தெரிந்துவிடும். நாவலில் தங்கை ஓடிப்போன செய்தி முகவரி சரியாக எழுதாததால் தாமதமாக வருகிறது. இங்கே இரண்டு தபால் துறைகளுக்கு நடுவே அது மாட்டிக்கொள்ளலாம்.

கையெழுத்தைக் கம்ப்யூட்டர் எழுத்துருவில் போடாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் வேண்டும். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போல் முன்னே சுருண்டு நிற்கும் ஐகாரத்தோடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் சுழித்த வடிவில் இருக்கும். கடைப் பலகை, நாடக நோட்டீஸ், கோர்ட் காகிதம் எல்லாவற்றுக்கும் இதே விதி. தேதி கொல்லம் ஆண்டில். சிங்கம் 1 முதல் டிசம்பர் 31 வரை கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால் ஆங்கில ஆண்டு, ஜனவரி முதல் கடகக் கடைசி வரை 825. 1925 ஜனவரி என்றால் கொல்லம் 1100.

பணம்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். ‘அணா’ என்று வசனம் வந்தால் அது எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவன் வாயில் மட்டும்தான்.

துணிக்கு வடசேரிக் கைத்தறி போதும். கடையிலிருந்து வந்தபடி உடுத்தினால் கஞ்சி மினுங்கும். எட்டு பத்து முறை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். டிடர்ஜென்ட் வேண்டாம், அதிலுள்ள வெண்மைப் பொருள் வெள்ளை வேட்டியைக் கேமராவில் நீலமாக ஒளிரவைக்கும். பூவந்திக்காய் போட்டுத் துவைத்து, கடைசியில் லேசான தேயிலைத் தண்ணீரில் முக்கினால் பழுப்பு வெள்ளை வரும். சேலைக்கு ஃபால்ஸ், பிக்கோ, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம். நாயகிக்கு ஏழு சேலை போதும், அந்தக் காலத்தில் உடுத்ததையே திரும்ப உடுத்தினார்கள். ஆனால் நோயில் கிடக்கும் அக்காளைப் பார்க்கச் சேற்று வரப்பில் மூன்று மைல் நடந்து போகும் காட்சிக்கு மட்டும் ஒரே மாதிரியான சேலை மூன்று வையுங்கள். ஒரு டேக் முடிந்ததும் சேறு காய்ந்துவிடும், அடுத்த டேக்கில் கன்டினியூட்டி போய்விடும். ஆண்களில் பெரியவர்களுக்குக் குடுமி, இங்கிலீஷ் படித்த இளைஞனுக்குக் கிராப்பு. கிழவிகளுக்குத் தொங்கும் காதும் பாம்படமும், அதற்குப் புரொஸ்தெடிக் செய்யத் தனியாக ஆள் வேண்டும்.

இரவுக் காட்சிக்குச் சிம்னி விளக்கை ஃபிரேமில் வைத்து, அதற்குப் பின்னால் மறைத்து 2,000 முதல் 2,200 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. ஒன்றை டிம்மரில் லேசாக ஆடவிடுங்கள். வேகமான லென்ஸ் இருந்தால் கூடுதல் விளக்கு அநேகமாகத் தேவைப்படாது. அறை முழுக்க வெளிச்சமாக இருந்தால் விளக்கு பொய் ஆகிவிடும். முகத்தில் பாதி இருட்டில் இருக்கட்டும்.

படி 9: வயலுக்கேற்ற கால அட்டவணை

குமரியில் நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூ கோடையில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. கும்பப்பூ செப்டம்பர், அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. நாற்று நடவும் மார்கழித் திருவிழாவும் அறுவடையும் கதையில் இருந்தால் கும்பப்பூவைப் பிடியுங்கள். முதல் ஷெட்யூல் நடவுக்கு, 8 முதல் 10 நாள். வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து வீட்டுக்குள் எடுக்கும் நான்கு காட்சிகளைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஷெட்யூல் பிப்ரவரியில் தொடங்கி, 35 முதல் 37 நாள். பீரியட் படத்தில் நாளொன்றுக்குத் திரையில் மூன்று நிமிடம் கிடைத்தாலே நல்ல வேகம்.

ஒரு சிக்கல் உண்டு. அறுவடையை எதிர்பார்த்து மார்ச்சுக்குத் தள்ளினால் கால்வாயில் தண்ணீர் இருக்காது. பேச்சிப்பாறைத் தண்ணீர் வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி கடைசி வரைதான். கால்வாய்க் காட்சிகளை முதலில் எடுத்துவிட்டு அறுவடைக்குப் போங்கள்.

நாட்டு நெல் வேண்டுமானால் விவசாயி ஒருவரிடம் ஆறு மாதம் முன்பே பேசி அரை ஏக்கரில் நட்டுக்கொள்ளுங்கள், 15 கிலோ விதை போதும். முழு விளைச்சலுக்கும் வைக்கோலுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடுவது நியாயம். படக்குழு மிதித்த வயலில் மிஞ்சுவது குறைவு. உயரமான நெல் பழுக்கும்போது காற்றில் சாய்ந்துவிடும், ஆகவே பெரிய வைட் ஷாட்டைக் கதிர் பழுக்கத் தொடங்கும்போதே எடுத்துவிடுங்கள். பக்கத்து வயலில் மெஷின் அறுத்திருந்தால் தாள் நீளமாக நிற்கும், அரிவாள் அறுப்பில் தரையோடு இருக்கும். வயல் தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். கையால் அறுக்கத் தெரிந்தவர்களுக்கு வயது ஏறிவிட்டது. அவர்களைத் துணை நடிகர்களாக அழைத்து, நிழலும் கஞ்சியும் கொடுத்து, காலை பத்து மணிக்குள் அந்தக் காட்சிகளை முடித்துவிடுங்கள்.

படி 10: அனுமதிகள்

பத்மநாபபுரம் அரண்மனை தக்கலையில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. விண்ணப்பம் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். நாகர்கோவிலில் அலைந்து பலர் இரண்டு வாரம் இழப்பார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: அந்த அரண்மனை உங்களுக்கு எதற்கு? 1795-இலேயே தலைநகர் திருவனந்தபுரம் போய்விட்டது. 1925-இல் எந்தக் காரணவரும் அங்கே குடியிருக்கவில்லை. நடுமுற்றத்தைச் சுற்றிய நாலுகெட்டும் பத்தாயமும் உள்ள வீடு ஒன்றை வாடகைக்கு எடுப்பதே சரி. வட்டக்கோட்டையும் சிதறாலும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றின் 100 மீட்டருக்குள் செட் என்ற பெயரில் எதையும் கட்ட நினைக்க வேண்டாம். கோவில் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கருவறைப் பக்கம் கேமரா கிடையாது என்ற எண்ணத்தோடே காட்சியை எழுதுங்கள்.

வண்டி மாடு ஒரே நொடி வந்தாலும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும், கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்றும் வேண்டும். படப்பிடிப்புக்குப் பிறகு வாரியத்தின் சான்று இல்லாமல் தணிக்கைக்குப் போக முடியாது. யானையை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது, யானைக்கும்தான். காரணவர் சுருட்டுப் பிடித்தால் திரையின் அடியில் புகையிலை எச்சரிக்கை ஓடும், 1925 அந்த வரியில் கலைந்துபோகும். வெற்றிலைச் செல்லமும் பாக்குவெட்டியும் கொடுத்துவிடுங்கள். கை சும்மா இருக்காது, கோபத்தையும் யோசனையையும் பாக்கு வெட்டும் சத்தத்திலேயே காட்டலாம்.

2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்று 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. தங்கை ஓடிப்போகும் பகுதியை எப்படி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எந்தப் பிரிவு என்று முடிவாகும், எடிட்டிங் மேசைக்குப் போகும் முன்பே அதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உரிமைத் தொகை கொடுக்க வேண்டியதில்லை என்றாலும் டைட்டிலில் நாவலின் பெயரும் ஆசிரியர் பெயரும் தழுவல் என்ற சொல்லும் தெளிவாக வர வேண்டும். திரைக்கதை ஆசிரியர் பெயருக்கு முன்னால், அதே அளவு எழுத்தில்.